நிறுத்த நாள்

"கை தட்டுங்க எல்லாரும்! துளசிமணி அம்மாவுக்கு நாள் வந்துடுச்சு!"

நர்ஸ் சொன்னதும் அறையில் இருந்த நாலைந்து பேர் கை தட்டினார்கள். துளசிமணி தட்டவில்லை.

"என்ன நாளுங்க?"

"நிறுத்த நாளுங்க அம்மா," என்றார் டாக்டர் செங்கோடன். முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல சேதி சொல்லும்போது காது வரைக்கும் சிரிக்கிற மனிதர். "வர்ற ஒண்ணாந்தேதியோட காப்பு மாத்திரை முடிஞ்சுது. மாத்திரை டப்பாவை எங்ககிட்டக் குடுத்துட்டு நீங்க பாட்டுக்கு இருக்கலாம்."

"போன மாசம் இன்னும் நாலு வருசம்னு சொன்னீங்களே?"

"நான் எங்கீங்க சொன்னேன்? உங்க நிழல் சொல்லுச்சு."

"சரி, நிழலுன்னே வெச்சுக்குவோம். ஒரே மாசத்துல அதுக்கு அப்புடி என்ன ஞானம் வந்துச்சு?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். துளசிமணியிடம் நின்றுகொண்டு பேசி யாரும் ஜெயித்ததில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவுக்கு அவள் இருபத்திரண்டு வருஷமாக மேஸ்திரி. தைப்பதெல்லாம் மெஷின் என்றாகிவிட்ட காலத்திலும், ஒரு பீஸை விரல் நுனியில் தடவிப் பார்த்து "தையல் விட்டிருக்குது" என்று சொல்ல அவள் வேண்டியிருந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் இருமலில் ரத்தம் வந்து அவள் இதே ஆஸ்பத்திரியில் படுத்தாள். உடம்பின் காவல்காரர்களே உடம்பின் ரத்தக்குழாய்களை எதிரி என்று நினைத்து அடிக்கிற வியாதி. முதலில் பெரிய மருந்து கொடுத்து அடக்கினார்கள். பிறகு அது திரும்பி எழாமல் இருக்கத் தினம் ஒரு காப்பு மாத்திரை. அதை எத்தனை வருஷம் தொடருவது என்பதில்தான் உலகத்து டாக்டர்கள் எல்லாரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சீக்கிரம் நிறுத்தினால் வியாதி திரும்பி வந்து கிட்னியைத் தின்றுவிடும். நிறுத்தாமலே இருந்தால் எதிர்ப்புச் சக்தி போய், சாதாரணக் காய்ச்சல் ஆளை அடித்துவிடும்.

சண்டையை முடித்து வைக்க வந்தது நிழல். ஒவ்வொரு நோயாளிக்கும் கணினிக்குள் ஒரு நகல். இங்கே துளசிமணி ஒரு நாள் வாழ்ந்தால் அங்கே அவள் நிழல் பத்து வருஷம் வாழ்ந்து பார்த்துவிடும். வாராவாரம் ஒரு சொட்டு ரத்தம்தான் அதற்குத் தீனி.

"நிழல் புதுசா ஒரு பாடம் படிச்சிருக்குதுங்க அம்மா. மூணு வருசம் முன்னாடி முதல் கட்டமா நம்ம ஆஸ்பத்திரியில சில பேருக்கு மாத்திரைய நிறுத்தினோம். யாருக்கும் பதினெட்டு மாசத்துக்கு மேல குடுக்கல. அவங்க எப்புடி இருக்காங்கன்னு பாத்துத்தான் இப்ப விதியவே மாத்தியிருக்குது. இனிமே பதினெட்டு மாசம் போதும். தமிழ்நாடு பூராவும்."

"எத்தன பேரப் பாத்துச்சு?"

"நாப்பத்தொரு பேருங்க."

"லாட் எவ்வளவு?"

"என்னங்க?"

"தமிழ்நாடு பூராவும் எத்தன பேரு மாத்திரை சாப்பிடறாங்கன்னு கேக்கறேன்."

"பதினோராயிரம் இருக்கும்."

"நாப்பத்தொரு பீசப் பாத்துட்டுப் பதினோராயிரத்தப் பேக் பண்ணச் சொல்றீங்க."

"நாப்பத்தொண்ணுல முப்பத்தெட்டு நல்ல பீசுங்க அம்மா! எந்த ஊர்லயும் இப்புடி வந்ததில்ல. அடுத்த செவ்வாக்கெழம இயக்குநர் மேடமே மெட்ராஸ்ல இருந்து வர்றாங்க. டப்பா ஒப்படைப்பு விழா. மேடையில மொத ஆளா உங்களத்தான் கூப்பிடப் போறோம்."

அந்த நாற்பத்தொரு பேரில் ஒருத்தி வெளியே கூடத்தில் அவளுக்காகச் சோற்று டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள்.

*

ரஷீதா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவள். நாற்பது வயதில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு நாற்பது பேரைத் திட்டுகிற வாய். செவ்வாய்க்கிழமைகளில் டப்பாவில் மாத்திரை நிரப்ப வருகிறவர்களும், நிறுத்திவிட்டு ரத்தம் மட்டும் கொடுக்க வருகிறவர்களும் ஒரே கூடத்தில்தான் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். ஜன்னலோரத்தில் துளசிமணி டிபனைத் திறந்தால் சுற்றிலும் பத்து டிபன் திறக்கும். அவளுடைய எலுமிச்சம் சாதம் ஒரு கை, ரஷீதாவின் முட்டைத் தொக்கு ஒரு கை என்று மூடிகள் ஊர்வலம் போகும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ரஷீதாவுக்கு நிறுத்த நாள் வந்தபோது அவள் சாப்பிடவில்லை. "அக்கா, எனக்கு பயமா இருக்கு. போன தடவ பாதி கிட்னி போச்சு," என்று மட்டும் சொன்னாள். துளசிமணி இன்னும் விழுங்காமல் வைத்திருந்த அன்றைய மாத்திரையை நகத்தால் கீறி இரண்டாக உடைத்தாள். ஒரு பாதியை டிபன் மூடியில், சோற்றுக்குப் பக்கத்தில் வைத்து நீட்டினாள். அன்றிலிருந்து வாரம் ஏழு பாதி.

டப்பா தினம் காலை ஏழு மணிக்கு அவள் விரல் ரேகையைப் பார்த்து ஒரு மாத்திரை கொடுக்கும். கொடுத்தேன் என்று நிழலுக்குச் சேதி அனுப்பும். வாய்க்குள் எவ்வளவு போனது என்று அதற்குத் தெரியாது. மாத்திரையை நிறுத்தியவர்களின் ரத்தத்தில் மாத்திரையைத் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"ஒண்ணாந்தேதியோட டப்பா போகுது புள்ள," என்றாள் துளசிமணி.

ரஷீதாவின் கை நின்றது. "அப்ப உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்லையா?"

"ஒருத்தருக்கும் இல்ல. பதினெட்டு மாசம்தான் இனிமே எல்லாருக்கும்."

"எவன் சொன்னது?"

"நீதான் சொன்ன."

"நானா? வெளையாடாதீங்க அக்கா."

"நீ நல்லா இருக்கியல்ல? நிறுத்தி மூணு வருசமாச்சு, கம்பு மாதிரி இருக்கான்னு உன்னய மாதிரி முப்பத்தெட்டுப் பேரப் பாத்துத்தான் ஊரு பூராவும் நிறுத்தறாங்க."

"நான் நல்லா இருக்கறது ஒரு குத்தமா?"

"குத்தம் என்னோடது. நான் குடுத்தேன்."

ரஷீதா குரலைத் தாழ்த்தினாள். "சரி, நாம ரெண்டு பேர்தான அக்கா? மீதி முப்பத்தேழு பேரு நெசமா நல்லா இருக்காங்கல்ல? விதி சரியாத்தான் இருக்கும்."

துளசிமணி கூடத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் விட்டுப்போன தையலைத் தேடிய கண். மூன்று வரிசை தள்ளி ராக்கியப்பன், சாயப்பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர், தன் டிபன் மூடியைப் பக்கத்து ஆளிடம் நகர்த்தினார். மூடியில் சோறு இல்லை, ஊறுகாய் இல்லை. வெறும் மூடியை வாங்கிய ஆள் அதைத் துடைப்பதுபோல் விரலால் தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தூணோரம் இரண்டு பெண்கள். ஒரு வெற்று மூடி போய் வந்தது. வாட்டர் கூலர் பக்கம் இன்னொன்று.

"ரஷீதா."

"என்ன அக்கா?"

"நாம ரெண்டு பேரு இல்ல."

அவளும் பார்த்தாள்.

"யா அல்லா! இத்தன வருசமா ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கலையே!"

"நாம சொன்னமா?"

"இப்ப என்ன அக்கா பண்றது? இதச் சொன்னா திட்டத்துல இருந்தே வெட்டி விட்டுருவாங்க. மாத்திரையப் பங்கு போட்டா ஆயுசுக்கும் கெடையாதுன்னு அங்க செவுத்துலயே எழுதிப் போட்டிருக்கான்."

"சொல்லலீன்னா ஒண்ணாந்தேதியோட கெடையாது. எப்புடியும் கெடையாது. அப்புறம் என்ன, சொல்லிட்டே போலாம்."

"நீங்க சொல்லுவீங்க. எனக்குப் பாதி கிட்னிதான் இருக்கு."

"எனக்கும் முக்கால்தான் இருக்குது. நாம குடுத்த பொய்ப் பீசப் பாத்துட்டு எங்கியோ தர்மபுரியில ஒருத்தன் டப்பாவப் புடுங்கறான். அவனுக்கு மூடி நீட்ட யாரு இருக்கா?"

ரஷீதா தொக்கை மூடி வைத்தாள். சாப்பிடாமலே ரத்தம் கொடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது, "மேடையில நான் ஒண்ணும் பேச மாட்டேன்," என்றாள். "பக்கத்துல நிக்கறேன். அவ்வளவுதான்."

*

விழாவுக்குக் கூடத்தில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். திட்ட இயக்குநர் வத்சலா பருத்திப் புடவையில் எளிமையாக வந்து, எளிமையாகப் பேசினார். திருப்பூர் முப்பத்தெட்டுப் பேருக்கு மாநிலமே கடன்பட்டிருக்கிறது என்றார். காமிரா அவரை விட்டுத் துளசிமணி பக்கம் திரும்பியது. அவள் வெற்றிலை பாக்கு வைத்த தட்டில் டப்பாவை ஏந்தி மேடை ஏறினாள்.

"ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா," என்று வத்சலா மைக்கை நீட்டினார்.

"பேசறதுக்கு ஒண்ணுமில்லீங்க. காலைல ஏழு மணி மாத்திரைய நான் இன்னும் முழுங்கல. இப்ப முழுங்கட்டுமா?"

சிரிப்பு எழுந்தது. டாக்டர் செங்கோடனும் சிரித்தார். துளசிமணி தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானை முடிச்சிலிருந்து மாத்திரையை எடுத்தாள். நகத்தால் கீறினாள். இரண்டாக உடைத்தாள். சத்தமே வராத அளவு சின்ன உடைப்புதான். மைக் அதைப் பிடித்துப் பெரிசாக்கியது.

"இது எனக்கு." ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டாள். "இது ரஷீதாவுக்கு. மூணு வருசமா இப்புடித்தான். அவ நிறுத்தவே இல்ல. நான் முழுசாச் சாப்பிடவும் இல்ல. உங்க நிழலுக்கு ரெண்டும் தெரியாது."

மேடையடியில் நின்றிருந்த ரஷீதா பேசுவதில்லை என்று சொன்னவள். விறுவிறுவென்று ஏறி வந்தாள். காமிராவைப் பார்த்து நாக்கை நீட்டிக் காட்டி, மாத்திரையை வைத்து விழுங்கினாள்.

"எடுத்துக்கிட்டீங்களா? கிட்டக்க வேணுமா?"

"காமிராவை நிறுத்துங்க," என்றார் வத்சலா.

"நிறுத்தாதய்யா," என்று கீழேயிருந்து ஒரு குரல். ராக்கியப்பன் எழுந்து நின்றிருந்தார். "நான் எம் மச்சானுக்குக் குடுக்கறேன். அதையும் எடு. நான் ஒருத்தன்தான் இந்தத் திருட்டு வேல பாக்கறேன்னு மூணு வருசமா ராத்திரி தூக்கமில்லாமக் கெடந்தேன். இங்க என்னடான்னா ஊரே பண்ணியிருக்குது!"

"நானுங்க," என்றது தூணோரம்.

"இங்கயும் ரெண்டு பேரு."

"யோவ், நீயுமா? நிறுத்திட்டேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணினயேய்யா!"

பதினைந்து நிமிஷத்தில் முப்பத்தெட்டுப் பேர் கணக்கும் தேறிவிட்டது.

*

டாக்டர் அறையில் வத்சலா தண்ணீர் குடித்தார். முகத்தில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம்.

"நீங்க என்ன செஞ்சிருக்கீங்கன்னு தெரியுதாம்மா?"

"தெரியுதுங்க. அதனாலதான் சொன்னேன்."

"என் அப்பா பதினாறு வருஷம் இந்த மாத்திரை சாப்பிட்டார். நிறுத்தச் சொல்ல எந்த டாக்டருக்கும் தைரியம் இல்லை. கடைசியில வியாதியால சாகலை, சளிக்காய்ச்சல்ல செத்தார். ஆறே நாள். வருஷக்கணக்கா மருந்தைத் தொடர்றதை நீங்க வீரம்னு நினைக்கிறீங்க. நிறுத்தற தேதி ஒண்ணு வேணும்னு நான் இருபது வருஷம் போராடியிருக்கேன்."

துளசிமணி சொன்னாள். "நிறுத்தறது தப்புன்னு நான் சொல்லலீங்க. எனக்கும்தான் நிறுத்தணும்னு ஆசை. காய்ச்சல் வந்துருமோன்னு பேரன் பொறந்ததப் பாக்கக்கூட நான் போகல. நிறுத்தினவங்களப் பாத்துட்டு நிறுத்துங்கன்னுதான் சொல்றேன்."

டாக்டர் செங்கோடன் தொண்டையைச் செருமினார். "மேடம், வாராவாரம் எடுத்த ரத்தம் எல்லாம் குளிர்பெட்டியில இருக்கு. மூணு வருஷத்து ரத்தம். அதுல மாத்திரை இருக்கா இல்லையான்னு பார்க்க ரெண்டு நாள் போதும். திறக்கறதுக்கு உங்க கையெழுத்து வேணும்."

"ஒண்ணாம் தேதி ஆணை போயாச்சு டாக்டர். விழாவுல முப்பத்தெட்டுப் பேர் உணர்ச்சிவசப்பட்டாங்கன்னு ஆணையை நிறுத்த முடியாது. வாய்ச்சொல் தரவு ஆகாது."

"அப்ப எது ஆகும்?" என்றாள் ரஷீதா. "நாங்க செத்தா ஆகுமா?"

வத்சலா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "உங்க எல்லார் மேலயும் நடவடிக்கை வேண்டாம்னு எழுதறேன். அதுக்கு மேல என்னால முடியாது." கதவு சாத்திக்கொண்டது.

துளசிமணி டாக்டரைப் பார்த்தாள். "நிறுத்த நாள் வந்தும் நெசமாவே நிறுத்தினவங்க ஒருத்தர்கூட இல்லீங்களா?"

"நாப்பத்தொரு பேர்ல முப்பத்தெட்டுப் போக..." டாக்டர் பாதியில் நின்றார். முகம் காது வரைக்கும் வெளுத்துப் போனது. "மூணு பேருக்கு வியாதி திரும்பிச்சு. நிழல் அவங்களை விதிவிலக்குன்னு தள்ளி வெச்சுடுச்சு. ஒருத்தர் இறந்துட்டார். ஒருத்தர் ஊரை விட்டுப் போயிட்டார். இன்னொருத்தர் இங்கேயே மேல, டயாலிசிஸ்ல இருக்கார். மாரப்பன்னு பேரு."

*

டயாலிசிஸ் அறையில் ஆறு கட்டில், ஆறு மெஷின். மாரப்பன் ஓரத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தார். மாநகராட்சியில் சாக்கடை வேலை பார்த்தவர். இடது கையில் இரண்டு ஊசிகள். குழாயில் ரத்தம் போய் வந்துகொண்டிருந்தது.

"மாரப்பன்தானுங்களே?"

"ஆமா. நீங்க ஜன்னலோரத்துல உக்கார்றவங்க."

"என்னையத் தெரியுமா?"

"ஒரு வருசத்துக்கு மேல ஒரே கூடத்துல இருந்திருக்கோம். தெரியாமயா? எலுமிச்சம் சாதம் கொண்டாருவீங்க. வாசம் கதவு வரைக்கும் வரும்."

துளசிமணிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கதவோரத்து நாற்காலி. பக்கத்தில் இரண்டு நாற்காலி எப்போதும் காலி. காக்கிச் சட்டை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நாள் வந்தப்ப மாத்திரைய நீங்க நெசமாவே நிறுத்தினீங்களா?"

"நிறுத்தாம? டாக்டர் கை குடுத்து டப்பாவ வாங்கிட்டாரே. ஏழாம் மாசம் மூக்குல ரத்தம் வந்துச்சு. எட்டாம் மாசம் ரெண்டு கிட்னியும் போச்சு. எல்லாருக்கும் ஒத்துக்கிட்டது உனக்கு மட்டும் ஏன் ஒத்துக்கலன்னு என்னையவே கேட்டாங்க. நான் என்ன சொல்றது? என்ற ரத்தமே மட்டமாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்." அவர் தலையைத் திருப்பினார். "ஏன்? மத்தவங்க நிறுத்தலையா?"

ரஷீதாதான் சொன்னாள். டிபன் மூடி, பாதி மாத்திரை, மேடை, எல்லாம். மாரப்பன் அசையாமல் கேட்டார்.

"சோத்து மூடியிலயா குடுத்துக்கிட்டீங்க?"

"ஆமாண்ணே."

"அதான பாத்தேன்," என்றார் மாரப்பன். "சோத்துக்குக் கூப்பிடாத எடத்துல மாத்திரைக்கு யாரு கூப்பிடுவா?"

மெஷின் ஒரு முறை கத்தியது. நர்ஸ் வந்து எதையோ தட்டிவிட்டுப் போனாள்.

"ஒரு நாளாவது நான் உங்களக் கூப்பிட்டிருக்கோணும்," என்றாள் துளசிமணி.

"அத இப்பச் சொல்லாதீங்க. இப்பச் சொன்னா நான் பரவால்லீங்கன்னு சொல்ல வேண்டியிருக்கும். அது பரவால்ல இல்ல." அவர் குரல் உயரவில்லை. "இப்ப என்ன வேணும்? வேலையச் சொல்லுங்க."

"இயக்குநர் மேடத்தோட கையெழுத்து வேணும். எங்க ரத்தத்தத் தொறந்து பாக்கறதுக்கு. எங்க பேச்ச நம்ப மாட்டேங்கறாங்க. ஒண்ணாந்தேதி பதினோராயிரம் பேரோட டப்பாவ வாங்கறாங்க."

"என்ற ரத்தமும் இருக்குதா அந்தப் பெட்டியில?"

"இருக்குது," என்றார் வாசலில் நின்றிருந்த டாக்டர். "நீங்க நிறுத்தின எட்டு மாசமும். அதுலதான் மாத்திரையே இருக்காது. உங்க ரத்தத்தையும் அவங்க ரத்தத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா போதும், வேற சாட்சியே வேண்டாம். அப்பவே நான் வெச்சுப் பாத்திருக்கணும் மாரப்பன்."

"அப்பப் பாக்கல. இப்பப் பாருங்க. அந்தம்மா எங்க?"

"காருக்குப் போயிட்டாங்க."

"கூட்டிட்டு வாங்க."

"அவங்க வர மாட்டாங்க."

"வருவாங்க," என்றாள் ரஷீதா. "ஆஸ்பத்திரி கேட்டுக்கு நடுவுல என் ஆட்டோவத்தான் போட்டு வெச்சிருக்கேன்."

அவள் படியிறங்கி ஓடினாள். பத்து நிமிஷம் கழித்து வத்சலா மேலே வந்தார். மூச்சு வாங்கியது. கட்டிலில் இருந்தவரைப் பார்த்தார், குழாய்களைப் பார்த்தார், பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"வாங்க மேடம். என்ற நிழல விதிவிலக்குன்னு கணக்குல இருந்து எடுத்துட்டீங்களாமா. நான் இன்னும் இருக்கேன்."

"உங்களுக்கு நடந்ததுக்கு நான் உண்மையிலேயே வருத்தப்படறேன்..."

"வருத்தம் அப்புறம் படலாம். நாப்பத்தொரு பேரு நிறுத்தினதாத்தான உங்க புஸ்தகத்துல எழுதியிருக்குது? நெசமா நிறுத்தி இன்னும் இந்த ஊருல இருக்கறவன் நான் ஒருத்தன். நீங்க கேக்கறதுக்கு வேற ஆள் இல்ல."

"எனக்கு ஆறு மணிக்கு ரயில்..."

மாரப்பன் ஊசி இல்லாத வலது கையை நீட்டிக் கட்டிலடியில் கிடந்த ஸ்டூலை இழுத்து, தனக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இந்த மெஷின் என்னைய விடறதுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும். அது வரைக்கும் என்னால எங்கயும் போக முடியாது. நீங்களும் போகக் கூடாது. உக்காருங்க."

வத்சலா துளசிமணியைப் பார்த்தார். துளசிமணி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் செங்கோடன் தயாராக மடித்து வைத்திருந்த தாளைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தார்.

வத்சலா உட்கார்ந்தார்.

"சொல்லுங்க மாரப்பன். கேக்கறேன்."

"பேனாவ எடுத்துக் கையில வெச்சுக்கிட்டுக் கேளுங்க," என்றார் மாரப்பன்.